முன்வாசல் இல்லாத வீடு

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு பள்ளிக்கூட ஞாபகம் எழுதித் தாருங்கள் என்று செயலாளர் தம்பி கேட்டபோது மனம் என் இரண்டாவது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. நியூயோர்க்கின் புரூக்ளினில் உள்ள மெட்கர் எவர்ஸ் கொலிஜ். அதைப் பற்றி எழுதினாலும் நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தடி நெரிசலில் என் ஓ.எல்., ஏ.எல். பள்ளிப் பொதுப் பரீட்சைச் சான்றிதழ்கள் இருந்த பை தொலைந்தது. நியூயோர்க் வந்த பிறகு ஒரு கல்லூரியில் மூலப்பிரதி கொண்டுவா என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். எவர்ஸ் கொலிஜில் பதிவு மேசையில் இருந்த அம்மாவோ, "ஜீ.ஈ.டி. சோதனை எழுதிப் பாஸ் பண்ணு மகனே, பிறகு வா" என்றார். பள்ளிப் படிப்பை முடித்ததற்குச் சமமான சோதனை அது. எழுதினேன், போனேன். பகலில் கடை வேலை, இரவில் கணக்கியல் வகுப்பு.

எவர்ஸ் யார் என்பது எனக்கு அங்கேதான் தெரியவந்தது. அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியில் 1925இல் பிறந்த கறுப்பின மனிதர். இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டி வரை போய்ப் படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, 1946இல் வாக்குப் போடப் போனார். ஆயுதத்தோடு நின்ற வெள்ளையர் கூட்டம் வழிமறித்தது. 1954இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். பரிந்துரைக் கடிதத்தில் குறை என்று சாட்டுச் சொல்லி நிராகரித்தார்கள். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவருக்கும் ஒரு கடதாசிதான் குறுக்கே நின்றிருக்கிறது!

அவர் சோரவில்லை. அதே ஆண்டு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மிசிசிப்பிக் களச் செயலாளரானார். எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையன் வெள்ளையரால் கொல்லப்பட்டபோது சாட்சிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். தனக்கு இடம் தராத அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் நுழையத் துணை நின்றார்.

சில வருடங்களுக்கு முன் ஜாக்சன் நகரில் அவர் வீட்டைப் பார்க்கப் போனேன். சின்ன வீடு. முன்பக்கம் வாசலே இல்லை. தெருவிலிருந்து சுடுவார்கள் என்ற பயத்தில், கார் நிறுத்தும் கொட்டில் பக்கமாகக் கதவை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளின் மெத்தைகளைத் தரையில்தான் போட்டிருந்தார்களாம், ஜன்னல் மட்டத்துக்கு மேல் தலை தெரியக்கூடாதென்று.

1963 ஜூன் 12, நள்ளிரவு கழிந்த நேரம். சிவில் உரிமை பற்றிய ஜனாதிபதி கென்னடியின் உரையைக் கேட்டுவிட்டு மனைவி மேர்லியும் மூன்று பிள்ளைகளும் விழித்திருந்தார்கள். ஒரு கட்டு ரீ-சேர்ட்டுகளோடு காரிலிருந்து இறங்கியவரை எதிரே பற்றைக்குள் ஒளிந்திருந்தவன் முதுகில் சுட்டான். குண்டு அவரை ஊடுருவி, ஜன்னலையும் சமையலறைச் சுவரையும் துளைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் பட்டுத் தெறித்தது. கதவடிவரை ஊர்ந்து வந்திருக்கிறார். வயது 37. அந்தக் கொட்டிலில் நான் கனநேரம் நின்றேன்.

கொலைகாரன் பைரன் டி லா பெக்வித்தை 1964இல் இரண்டு தரம் விசாரித்தும், முழுக்க வெள்ளை ஆண்களாக இருந்த யூரர் சபை முடிவுக்கு வரவில்லை. மேர்லி விடவில்லை. 1994இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. என்ன பொறுமை அந்த மனுசிக்கு!

ஜாக்சன் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர். சரி, நல்லது. ஆனால் 1970இல் புரூக்ளின் சனங்கள் கேட்டுப் பெற்ற கல்லூரிக்கு வைத்த பெயர்தான் எனக்குப் பெரிது. என் பட்டச் சான்றிதழின் தலைப்பில் அந்தப் பெயர் இருக்கிறது. மூலப்பிரதி. இரண்டு தரம் வீடு மாறியபோதும் அதைப் பெட்டியில் வைக்கவில்லை, கையிலேயே கொண்டுபோனேன்.