வட ஆற்காடு ஏன் தரைக்குள் புதைகிறது?

1989-க்கு முந்தைய வட ஆற்காடு மாவட்டத்தைக் கணினியின் உருண்டை வரைபடத்தில் (முப்பரிமாண பூமியில்) வண்ணமிட, இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கையும் சேர்த்தாக வேண்டும். நான்கையும் தனித்தனியே அரைகுறையாக ஒளிபுகும் நிறத்தில் போட்டால், எல்லை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடமெல்லாம் கருத்துத் தெரியும். கியூஜிஐஎஸ், மேப்ஷேப்பர் போன்ற வரைபட மென்பொருளில் முதலில் டிஸால்வ் செய்யுங்கள் (உள் எல்லைகளை அழித்து நான்கையும் ஒன்றாக்குவது), எல்லைக்கோட்டின் முனைகளைக் குறைப்பது அதற்கப்புறம். மாவட்டம் மாவட்டமாகக் குறைத்துவிட்டுச் சேர்த்தால் எல்லையோரம் மெல்லிய ஓட்டைகள் விழும்.

இது சுலபம். நிறம் பாதி தெரிந்து பாதி மறைவதுதான் ஆளைச் சுற்றவைக்கும். எல்லைக்கோட்டில் ஆயிரம் புள்ளி இருந்தாலும், உள்ளே நிரப்ப மென்பொருள் பாலிகனை (எல்லைக்கோடு அடைக்கும் பரப்பை) முக்கோணங்களாக வெட்டுகிறது. அவை இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைவரை நீளும். பூமி வளைவு, முக்கோணம் தட்டை. 150 கிலோமீட்டர் நீளப் பக்கம் நடுவில் சுமார் 440 மீட்டர் கீழே போய்விடும் (நீளத்தின் வர்க்கத்தை பூமி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும்). வேலூர் ஊரே கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம்தான். அதனால்தான் நிறம் தரைக்குள் புதைகிறது.

உலாவியில் உருண்டை வரைபடம் காட்டும் சீசியம் என்ற மென்பொருள் முக்கோணங்களைத் தானே பொடியாக்கும், ஆனால் அதன் இயல்பு அளவு 1 டிகிரி. அதாவது 111 கிலோமீட்டர். பக்கத்தின் நடுவில் தொய்வு 240 மீட்டர்வரை போகலாம். கிரானுலாரிட்டியை (இந்த அளவைச் சொல்லும் அமைப்பு) 0.1 டிகிரியாக்கினால் இரண்டரை மீட்டருக்குள் அடங்கும். மதிப்பை டிகிரியில் அல்ல, ரேடியனில்தான் கொடுக்க வேண்டும்.

பாலிகனை 500 மீட்டர் தூக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஜவ்வாது மலை 1,000 மீட்டரைத் தாண்டுகிறது, நிறத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும். உயரமே கொடுக்காமல் விட்டால் சீசியம் நிறத்தைத் தரையோடு ஒட்டிவிடும். கே.எம்.எல். கோப்பென்றால் (கூகுள் எர்த் படிக்கும் வரைபடக் கோப்பு) கிளாம்ப் டு கிரவுண்ட், அதாவது தரையோடு ஒட்டு என்ற அமைப்பு, கூடவே தரையின் வளைவைப் பின்பற்றச் சொல்லும் டெஸலேட் 1. நிறத்தின் வரிசை அங்கே ஒளிபுகாமை, நீலம், பச்சை, சிவப்பு. சிவப்பு கேட்டவருக்கு நீலம் வந்தால் காரணம் இதுதான்.

ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில், லீஃப்லெட் என்ற வலை வரைபட மென்பொருளில் அட்சரேகை முதலில். மாற்றிப் போட்டால் வேலூர் நார்வேயின் ஸ்வால்பார்டில் போய் உட்காரும். மாவட்டம் வெறுமையாக, மிச்ச உலகமே நிறம் பூசிக்கொண்டால் புள்ளிகளின் சுற்றுத்திசை தலைகீழ்: ஜியோஜேசன் விதிப்படி வெளி வளையம் இடஞ்சுழி, படம் வரையும் டி3 மென்பொருளுக்கு வலஞ்சுழி.

தரையோடு ஒட்டிய பாலிகனுக்கு சீசியம் ஓரக்கோடு வரையாது. அதே புள்ளிகளை வைத்துத் தரையில் ஒட்டும் பாலிலைன் (புள்ளிகளை இணைக்கும் வெறும் கோடு) ஒன்றைத் தனியே சேர்த்துவிடுங்கள்.