ஒரு கணினியும் ஒரு கோடு போட்ட நோட்டும்

ஜூன் 7, 2025, சனி

நானே பூட்டப்போகும் கணினியின் பாகங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்துவிட்டன. கூடத்துத் தரையில் கால் வைக்க இடமில்லை. தம்பி ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறான். "டேய், கீழ வைடா, அது கிலுகிலுப்பை இல்ல."

பிறகு மறந்துவிடும் என்பதால் எழுதி வைக்கிறேன்: ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, சேமிப்புக்கு 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி, எல்லாம் பொருந்தும் மதர்போர்டு, கேபினட், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் 650 வாட் எஸ்எம்பிஎஸ். 650 போதுமா என்று ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டது. கணக்குப் போட்டால் கார்டு 115 வாட், பிராசசர் முழு வேகத்தில் 88 வாட், மற்றதெல்லாம் சில்லறை. பாதிக்கு மேல் மிச்சம். 1000 வாட் வாங்கச் சொன்ன நண்பன் என்ன நினைத்துச் சொன்னான் என்று தெரியவில்லை.

மதர்போர்டு கையேட்டில் பாதி படித்தேன். மீதி படங்கள்தான், வேலை செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 8, ஞாயிறு

பாகங்களைப் பூட்டியாயிற்று. காலை பத்துக்கு ஆரம்பித்தது, இரவு பதினொன்றுக்கு முடிந்தது. விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடிப்பார்களாம். முடிக்கட்டும்.

பிராசசரை வைப்பதுதான் பயமாக இருந்தது. இந்த வகை சாக்கெட்டில் பின்கள் பிராசசரில் இல்லை, மதர்போர்டில் இருக்கின்றன. மொத்தம் 1718. முடி போன்றவை, ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. மூலையிலுள்ள சின்ன முக்கோணத்தைச் சரிபார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். பிறகு அந்த நெம்புகோலை அழுத்த வேண்டும். அதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 'கிறீச்' என்றது. என் உயிரும் சேர்ந்து கிறீச்சிட்டது. மேலே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகவே தெறித்து விழுந்தது. அப்படித்தான் விழ வேண்டுமாம்.

கூலர் பிராசசரோடு வந்ததுதான். அதைப் பொருத்துவதற்கு முன் போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் அதன் அடியிலேயே தடவி வருகிறது, தனியாக வேண்டாம். நான்கு திருகுகளையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

ரேமை ஒன்றுவிட்டு ஒரு ஸ்லாட்டில் போட வேண்டும் என்பது நினைவில் இருந்தது. முதலாவது, மூன்றாவது. 'டக்' என்று உட்கார்ந்தது.

எம்.2 எஸ்எஸ்டியின் திருகு எள்ளளவுதான். மூன்று முறை விழுந்து மூன்று முறையும் கிடைத்தது. போர்டைக் கேபினட்டில் வைத்து ஒன்பது திருகும் போட்ட பிறகுதான், போர்டுக்கு முன்பே மாட்ட வேண்டிய பின்பக்கத் தகடு பெட்டிக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்தேன். ஒன்பதையும் கழற்றினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன்கள் சுற்றின. திரை இருட்டு. போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. அது ரேமைக் குறிக்கிறது. ஒரு நிமிடம் பார்த்தேன், அணைத்தேன். மறுபடி போட்டேன், அணைத்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். அதே இருட்டு. நான்காவது முறை போட்டுவிட்டு, அணைக்கக்கூடத் தெம்பில்லாமல் சாப்பிடப் போய்விட்டேன்.

தம்பி ஓடி வந்தான். "அக்கா! என்னமோ எழுத்தெல்லாம் வருது!"

பயாஸ் திரை, அதாவது விண்டோஸுக்கு முன்பே போர்டு காட்டும் அமைப்புத் திரை. நடந்தது இதுதான்: டிடிஆர்5 ரேமை முதன்முதலாகப் பார்க்கும்போது போர்டு அதனோடு பேசிப் பேசி, எந்த நேர அளவில் ஒத்துப்போகும் என்று பழகிக்கொள்கிறது. மெமரி ட்ரெய்னிங் என்கிறார்கள். சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். அது பாதி பழகும்போதெல்லாம் நான் அணைத்து முதலிலிருந்து தொடங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட்டேன். எந்தத் தொல்லையும் இல்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

முதல் விளையாட்டு. நொடிக்கு 11 பிரேம். கார் ஓடவில்லை, கார் ஓட்டும் புகைப்படங்களைப் புரட்டினேன்.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் தம்பிதான் கேட்டான்: "இந்த ஒயர் ஏன்க்கா கார்டுல இல்லாம மேல சொருகியிருக்கு?"

மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் சொருகியிருக்கிறேன். இந்தப் பிராசசருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் பகுதி உண்டு. பாவம், அதுதான் தனியாக மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. படமே வராமல் போயிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன். வந்ததுதான் வினை.

கேபிளை மாற்றியதும் பறந்தது. ஆனாலும் என்னவோ குறை. நொடிக்கு 144 படம் காட்டக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60-இல் ஓட்டிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளே அமைப்பில் மாற்றினேன். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி இருந்தது, இப்போது 6.9. மவுஸை அசைத்தாலே தெரிகிறது.

ஜூன் 11, புதன்

ரேம் பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜர் 4800 என்கிறது. ஏமாந்துவிட்டோமோ என்று பதறினேன். இல்லை. பெட்டியில் இருப்பது தானாக வரும் வேகமல்ல. பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்கினால்தான் அந்த வேகம் கிடைக்கும். இயக்கினேன். 6000.

ஜூன் 13, வெள்ளி

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது திரை போய்விட்டது. விண்டோஸின் நீலப் பிழைத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. அப்படியே ரீஸ்டார்ட்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு. பெரிய துப்புக் கிடைத்துவிட்டது என்று இரண்டு மணி நேரம் அதன் பின்னால் அலைந்தேன். அதன் பொருள், 'கணினி முறையாக அணைக்கப்படவில்லை' என்பது மட்டுமே. அதுதான் எனக்கே தெரியுமே.

ஜூன் 14, சனி

இன்று நான்கு முறை அதேபோல் ரீஸ்டார்ட் ஆகி விழுந்தது. காலையிலிருந்து என்னென்னவோ செய்தேன். டிரைவரின் பழைய பதிப்பைப் போட்டேன். எஸ்எம்பிஎஸ் கேபிள்களைப் பிடுங்கிச் சொருகினேன். கூலரைக் கழற்றிப் புதுப் பேஸ்ட் தடவினேன். வெப்பம் 78 டிகிரியைத் தாண்டவில்லை. இந்தப் பிராசசர் 95 வரை தாங்கும். ஆக, வெப்பம் இல்லை.

மாலையில் ஒன்றரை மணி நேரம் விழாமல் ஓடியது. எதனால்? தெரியவில்லை. பேஸ்டா, கேபிளா, டிரைவரா? எதை எப்போது மாற்றினேன் என்பதே குழம்பிவிட்டது. பிறகு அதுவும் விழுந்தது.

தம்பியின் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். மூன்று பத்தி: நேரம், மாற்றம், விளைவு. ஒரு வரிக்கு ஒரே ஒரு மாற்றம்.

ஜூன் 15, ஞாயிறு

வரி 1: எக்ஸ்போவை நிறுத்தினேன். மூன்று மணி நேரம் ஆட்டம், விழவில்லை.

வரி 2: எக்ஸ்போவை மறுபடி இயக்கி, பென் டிரைவிலிருந்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். பத்து நிமிடத்துக்குள் பிழைகள் வரிசைகட்டின.

ஆக, ரேம்தான். இரண்டில் எது கெட்டது? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றை ரேமை எந்த ஸ்லாட்டில் போடுவது என்று பார்க்கக் கையேட்டைத் திறந்தேன். நான் படிக்காத பாதியில் இருந்தது அந்தப் படம். ஒன்று என்றால் இரண்டாவது ஸ்லாட். இரண்டு என்றால் இரண்டாவது, நான்காவது. முதலாவதும் மூன்றாவதும் படத்தில் வெறுமையாக இருந்தன.

வரி 3, வரி 4: இரண்டாவது ஸ்லாட்டில் தனித்தனியாக. இரண்டுமே பிழையில்லை.

வரி 5: இரண்டையும் 2, 4-இல் போட்டேன். போர்டுக்குப் புது பயாஸ் வந்திருப்பதும், அதன் குறிப்பில் 'மெமரி நிலைத்தன்மை' என்றிருப்பதும் கண்ணில் பட்டது. அதையும் போட்டேன். பயாஸ் புதுப்பித்ததும் எக்ஸ்போ அணைந்துவிடும், மறுபடி இயக்கினேன். டெஸ்ட் ஓடுகிறது. தூங்கப் போகிறேன்.

ஜூன் 16, திங்கள்

நான்கு சுற்று முடிந்து பூஜ்யம் பிழை. துள்ளிக் குதித்துத் தம்பியை எழுப்பி நோட்டைக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே பார்த்தான்.

"அக்கா, ஒரே வரியில ரெண்டு எழுதியிருக்க."

ஜூன் 21, சனி

ஒரு வாரம், ஒரு முறைகூட விழவில்லை. விட்டுவிடலாம்தான். ஆனால் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் வரி 5 முறைக்கிறது.

இன்று ரேமை வேண்டுமென்றே பழையபடி 1, 3-இல் போட்டேன். பயாஸ் புதியதுதான், எக்ஸ்போவும் இயக்கத்தில். திரை இருண்டது. இந்த முறை கைகட்டிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு மெம்டெஸ்ட்86. ஆறாவது நிமிடத்தில் பிழை. அதைப் பார்த்து நான் கைதட்டியதைத் தம்பி விசித்திரமாகப் பார்த்தான்.

படித்துப் புரிந்துகொண்ட காரணம்: இந்த மாதிரி போர்டில், பிராசசரிலிருந்து வரும் சிக்னல் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. மூன்று, நான்கும் அப்படியே. கடைசியில் ரேம் இருந்தால் சிக்னல் அங்கே போய் இறங்கிவிடும். முன்னதில் மட்டும் இருந்தால், மிச்சத் தடம் வால் போலத் தொங்குகிறது. சிக்னல் அதன் முனை வரை போய் முட்டித் திரும்பி வந்து, அடுத்த சிக்னலோடு கலக்கிறது. 4800-இல் அந்த எதிரொலியைச் சமாளித்துவிட்டது. 6000-இல் முடியவில்லை.

பழைய பயாஸோடு 2, 4-இல் போட்டால் என்ன ஆகியிருக்கும்? அதற்காகப் பயாஸைப் பின்னோக்கி மாற்றும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

ரேம் மறுபடி 2, 4-இல். கேபினட்டை மூடியாயிற்று. ஒரு திருகு மிச்சம். எங்கிருந்து வந்தது என்று தேடவில்லை.

நோட்டில் இன்றைய கடைசி வரி. நேரம்: இரவு 9.40. மாற்றம்: நாற்காலியில் தம்பி. விளைவு: இன்னும் எழுந்திருக்கவில்லை.