ஷவுவோத்: விடிய விடியப் படித்துவிட்டு கோத்தெலுக்கு நடக்கும் இரவு

பழைய யூத ஆலய வளாகத்தின் மிச்சமாக நிற்கும் எருசலேமின் மேற்குச் சுவரை எந்த நாளும் எந்த நேரமும் போய்த் தரிசிக்கலாம். கட்டணம் கிடையாது. ஊர்க்காரர்கள் அதைக் கோத்தெல் என்கிறார்கள். ஆனால் யூத வாழ்வில் அப்படி என்ன ஆனந்தம், வேறு குலத்தில் பிறந்த ஒருவர் ஏன் அதற்குள் வர இவ்வளவு பாடுபடுகிறார் என்று தெரிய வேண்டுமானால், போக வேண்டிய இரவு ஷவுவோத். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இது வாரங்களின் பண்டிகை. பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து 49 நாள்களை எண்ணி முடித்த மறுநாள், யூத நாட்காட்டியில் சீவான் மாதம் 6ஆம் தேதி. மே நடுவுக்கும் ஜூன் நடுவுக்கும் இடையில் வரும். சீனாய் மலையில் யூத வேதமாகிய தோரா அருளப்பட்ட நாள் இதுதான் என்பது மரபு. இஸ்ரேலில் ஒரு நாள், வெளிநாட்டு யூதர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு நாள்.

முதலில் சாப்பாட்டுக் கணக்கு. மற்ற பண்டிகைகளில் சூரியன் மறைவதற்கு முன்பே மாலைத் தொழுகையைத் தொடங்கிவிடலாம். ஷவுவோத் அன்று அப்படிச் செய்வதில்லை. 49 நாள்களும் குறைவின்றி நிறைய வேண்டும் என்பதால் நன்றாக இருட்டும்வரை காத்திருப்பார்கள். ஆகவே திராட்சரசத்தின் மேல் ஆசி சொல்லிப் பந்தியில் உட்காரவே எட்டரை, ஒன்பது ஆகிவிடும். பண்டிகையின் சிறப்பு பால் உணவு: சீஸ்கேக், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பிளின்ட்ஸ். விருந்தினர் தடுமாறுவது இங்கேதான். இரவு இறைச்சி சாப்பிட்டால் அடுத்துப் பால் தொட ஆறு மணி நேரம் பொறுப்பது பெரும்பாலோர் வழக்கம். ஜெர்மானிய யூதர் சிலருக்கு மூன்று மணி நேரம். ஒன்பது மணிக்குக் கோழி சாப்பிட்டவருக்கு நள்ளிரவு வகுப்பில் சுற்றி வரும் சீஸ்கேக் கிடையாது. வயிறு முட்டச் சாப்பிட்டாலும் இரண்டு மணிக்குமேல் கண் சொக்கும். பாலுணவை அளவாகச் சாப்பிட்டு எழுந்திருப்பதே நல்லது.

சாப்பிட்ட பிறகு தூங்குவதில்லை. சீனாயில் தோரா பெற வேண்டிய காலையில் இஸ்ரவேலர் அயர்ந்து தூங்கிவிட்டார்கள், அதற்கு ஈடாக இந்த விழிப்பு என்பது யூத குருமாரான ரபிகள் சொல்லும் காரணம். சிவராத்திரி கண்விழிப்பைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஒரே வித்தியாசம், இங்கே விழிப்பு முழுக்கப் படிப்பு. தொழுகைக்கூடங்களிலும் கல்விக்கூடங்களிலும் வீட்டு முற்றங்களிலும் பதினோரு மணிக்குத் தொடங்கி வகுப்பு மேல் வகுப்பு நடக்கும். எபிரேயம் தெரியாதவர்களுக்கு ஆங்கில வகுப்புகளும் உண்டு. குறிப்பெடுக்க மட்டும் முடியாது. பண்டிகை நாளில் எழுதுவது விலக்கு.

இந்த இரவில் திரும்பத் திரும்பப் படிக்கப்படுவது ரூத்தின் கதை. மோவாபியப் பெண், கணவனை இழந்தவள், மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வருகிறாள். நகோமி அவளைத் 'திரும்பிப் போ' என்று மூன்று முறை சொல்கிறாள். யூத மதத்தில் சேர வருபவரை முதலில் திருப்பி அனுப்பிப் பார்க்கும் மரபுக்கு இதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். இது ஆள் சேர்க்க அலையும் மதம் அல்ல. நோவாவின் பிள்ளைகளுக்கான, அதாவது மனிதகுலம் முழுவதற்குமான ஏழு கட்டளைகளைக் காத்து நேர்மையாக வாழ்கிற எவருக்கும் வரும் உலகில் பங்குண்டு, யூதராக வேண்டிய தேவையே இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். அதன் பிறகும் நிற்பவருக்கே கதவு திறக்கும்.

திறந்த பிறகு என்ன நடக்கும் என்பதை, ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பான தால்முத் ஒழுங்காகச் சொல்கிறது. 'இந்தக் காலத்தில் இஸ்ரவேலர் துன்பப்படுகிறார்களே, தெரியாதா? எதைக் கண்டு வருகிறாய்?' என்று கேட்க வேண்டும். 'தெரியும், அதற்கும் நான் தகுதியானவன் அல்ல' என்றால் ஏற்றுக்கொண்டு, எளிய கட்டளை சிலதும் கடினமான கட்டளை சிலதும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டியவற்றில் பெயர் குறித்து வருபவற்றுள் இரண்டு, வயலில் உதிர்ந்த கதிரையும் மறந்துபோன அரிக்கட்டையும் ஏழைகளுக்கு விடுவது. ரூத், நிலக்காரரான போவாஸின் வயலில் பொறுக்கிய கதிர்கள் அவைதான்.

நடைமுறையில், பழைய விதிகளை அப்படியே காக்கும் மரபுவழி யூதரிடம் இப்படிச் சேரக் குறைந்தது ஓராண்டு பிடிக்கும். பலருக்கு அதற்கும் மேல். சனிக்கிழமை ஓய்வுநாளும் எல்லாப் பண்டிகைகளும் ஒரு சுற்றாவது வாழ்ந்து பார்க்க வேண்டும், சமையலறையைக் கோஷர் என்னும் யூத உணவு விதி முறைக்கு மாற்ற வேண்டும், தொழுகைக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். இதில் விசித்திரமான ஒரு விதி உண்டு: சேரும் நாள்வரை ஓய்வுநாளை முழுமையாகக் காக்கக் கூடாது. ஒரு விளக்கைப் போடுவது போலச் சின்னதாக ஒன்றை வேண்டுமென்றே செய்துவிடச் சொல்வார்கள்.

முடிவில் மூவர் அடங்கிய மத நீதிமன்றம், பகலில் மட்டும். ஆணுக்கு விருத்தசேதனம், ஏற்கெனவே ஆகியிருந்தால் ஒரு துளி இரத்தம் எடுத்தால் போதும். புண் நன்றாக ஆறிய பிறகே மிக்வே என்னும் சடங்குக் குளியல் தொட்டியில் முழுக்கு. தொட்டியில் பழைய அளவில் குறைந்தது 40 சேயா நீர் வேண்டும். அது மழைநீராகவோ ஊற்றுநீராகவோ தானாக வந்து சேர்ந்திருக்க வேண்டும், குடத்தில் மொண்டு நிரப்பியது செல்லாது. உடலுக்கும் நீருக்கும் நடுவில் எதுவும் இருக்கலாகாது. மோதிரம், நகப்பூச்சு, கண்ணில் போடும் லென்ஸ், பிளாஸ்திரி எல்லாம் கழற்றி, தலைமுடியைச் சிக்கெடுத்து, நகத்தைச் சுத்தம் செய்துவிட்டு இறங்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது முடியில்தான். ஒரு கற்றை மேலே மிதந்தால் அந்த முழுக்கு கணக்கில் வராது, மறுபடியும் முழுக வேண்டும். பெண் முழுகும்போது அருகில் பெண் உதவியாளர் இருப்பார். நீதிபதிகள் அவருடைய நாணத்துக்குக் குறைவராதபடி நிற்பார்கள். மற்றச் சடங்குகளில் ஆசிமொழி முதலில் வரும். இங்கே ஒருமுறை முழுகி எழுந்த பிறகுதான். 'எங்களுக்குக் கட்டளையிட்டவரே' என்று அதற்கு முன்னால் அவர் எப்படிச் சொல்வார்?

எந்தப் பிரிவின் மத நீதிமன்றம் என்பதை முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். இஸ்ரேலில் நடந்த, மரபுவழியல்லாத சீர்திருத்த, கன்சர்வேட்டிவ் பிரிவுச் சேர்ப்புகளைக் குடியுரிமைக்கு ஏற்கும்படி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. யூதத் திருமணம் மரபுவழியினரின் தலைமை ரபியகத்தின் கையில் இருக்கிறது. அது அவற்றை ஏற்பதில்லை.

மணி மூன்றரையானதும் தெருக்களில் கூட்டம் நடக்கத் தொடங்கும். பேருந்தும் டிராமும் ஓடாது. நகர மையத்திலிருந்து யாப்பா வாசல் வழியாகக் கோத்தெலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சந்துகளில் படிக்கட்டு அதிகம், கூட்டம் நெரியும். முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் சுவருக்கு அருகிலுள்ள குப்பை வாசலே வசதி. வாயிலில் பைச் சோதனை உண்டு. பண்டிகை நாளில் பொருள் எடுத்துப் போகலாம் என்பதால் தலீத் என்னும் தொழுகைச் சால்வையும் தண்ணீர்ப் போத்தலும் தடையில்லை. கைப்பேசி, கேமரா கூடாது. ஆகவே பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவைக்காத குடும்பங்கள் படும்பாடு பெரும்பாடு. கற்களின் இடுக்கில் வேண்டுதல் சீட்டு வைப்பதையும் வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று எழுத முடியாது.

சுவரின் மொத்த நீளம் 488 மீட்டர். தொழுகை முற்றத்தில் தெரிவது சுமார் 57 மீட்டர் மட்டுமே, உயரம் சுமார் 19 மீட்டர். இடப்பக்கம் ஆண்களுக்கு, வலப்பக்கம் பெண்களுக்கு; பெண்கள் பகுதி சிறியது, சீக்கிரம் நிரம்பிவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழ விரும்புவோருக்குத் தெற்கே ராபின்சன் வளைவருகே தனி மேடை இருக்கிறது. ஆண்கள் தலையை மூட வேண்டும். கிப்பா என்னும் சிறு தொப்பி இல்லாதவர்களுக்கு வாயிலில் கிடைக்கும். வைகறை வந்தபின் தொழுகை முடியும்வரை சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். தூங்கி எழுந்தவருக்கான ஆசிமொழிகளை விழித்திருந்தவர்கள் தாமே சொல்லாமல், தூங்கிவந்த ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஆமென் சொல்வது வழக்கம். இந்தக் கூட்டத்தில் தூங்கிவந்தவரைத் தேடிப் பிடிப்பது தனி வேலை.

முற்றம் முழுக்கப் பத்துப் பத்துப் பேராக, நூறு நூறு பேராக, வெவ்வேறு ராகத்தில் தனித்தனித் தொழுகைகள். நடுவில் நின்றால் எந்தக் குழுவின் எந்தப் பக்கம் என்று குழம்பிவிடும். ஒரு குழுவோடு ஒட்டிக்கொள்வதே நல்லது. எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஐந்தரை மணியையொட்டிச் சூரியன் உதிக்கும் கணத்தில் நின்றபடி மெல்லச் சொல்லும் அமீதா தொழுகை தொடங்க வேண்டும். மூன்றடி பின்வாங்கி, மூன்றடி முன்வந்து, பாதங்களைச் சேர்த்து நிற்பார்கள். அதுவரை இரைந்துகொண்டிருந்த முற்றத்தில் உதடுகள் மட்டும் அசையும். இரவு முழுவதும் விழித்ததன் பலன் இந்தச் சில நிமிடங்கள்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

பிறகு சங்கீதப் பாடல்கள், ரூத்தின் கதை, யாத்திராகமம் 19, 20ஆம் அதிகாரங்கள். பத்துக் கட்டளைகள் வரும்போது பெரும்பாலோர் எழுந்து நிற்பார்கள். அன்று சீனாயில் நின்றவர்களும் விருத்தசேதனமும் முழுக்கும் பெற்றே உடன்படிக்கைக்குள் வந்தார்கள் என்கிறது தால்முத். ஆக, சேர வருபவர் செய்வது அந்த முன்னோர் செய்ததையே.

ஆலயம் நின்ற காலத்தில் முதற்கனிகளைக் கொண்டுவரத் தொடங்கும் நாளும் இதுவே. கூடையோடு நிற்பவர் 'எங்கள் தந்தையருக்கு ஆண்டவர் வாக்களித்த நாடு' என்று சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் கூடை கொண்டுவரலாம், இதைச் சொல்லலாகாது என்றது தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. 12ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்ற புதிய யூதர் தமக்குள்ள ஐயத்தை எழுதிக் கேட்டபோது, யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்: ஆபிரகாம் உங்கள் தந்தை, 'எங்கள் தந்தையரின் கடவுளே' என்று தாராளமாகச் சொல்லுங்கள். சேர்ந்தவருக்குப் பெயரும் 'ஆபிரகாமின் மகன்', 'சாராளின் மகள்' என்றே அமைகிறது. அவருடைய பழைய வாழ்வைச் சொல்லிக் குத்திக்காட்டுவது பாவம்.

ஏழு, ஏழரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். வெயில் ஏறுமுன் நடையைக் கட்டிவிடுங்கள். அறைக்கு வந்து சீஸ்கேக் சாப்பிட்டுத் தூங்கினால் மதியம்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். பேருந்து ஓடுவது அன்று இருட்டிய பிறகுதான். பண்டிகையை அடுத்து ஓய்வுநாள் வந்தால் இன்னும் ஒரு நாள் கழித்து. விமானச் சீட்டை அதற்கேற்ப எடுக்கவும்.