தீப்பெட்டி லேபிளுக்கு வேர்ட்பிரஸ்ல ஒரு சைட், இதுவரைக்கும் 212

எங்க பெரியப்பா லாரி ஓட்டுன காலத்துல இருந்து தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறவர். கோடு போட்ட நோட்டு மொத்தம் பதினொண்ணு, எல்லாத்துலயும் மைதா பசை காய்ச்சி ஒட்டி வெச்சிருக்கார், அந்த பசைக்குன்னே பூச்சி வந்து ரெண்டு நோட்டை ஓரமெல்லாம் அரிச்சு வெச்சிருச்சு. மிச்சமாவது தப்பிக்கட்டும்னு போட்டோ புடிச்சு ஒரு சைட்ல போடலாம்னு ஆரம்பிச்சேன். எனக்கு கோடிங் பெருசா தெரியாது, சைட் கட்டுற சாஃப்ட்வேரான வேர்ட்பிரஸ் தெரியும், ரெண்டு வருஷம் அதுல ஏதோ கிறுக்கிட்டு இருந்தேன், அதனால அதையே எடுத்துக்கிட்டேன்.

முத வாரம் சொதப்பல்தான். ஒவ்வொரு லேபிளையும் ஒரு போஸ்ட்டா போட்டு, ஊரை கேட்டகரியா வெச்சேன். முப்பது ஏத்திட்டு லிங்க் அனுப்புனா பெரியப்பா போன் பண்றார், "டேய், இந்த யானை லேபிள் நான் எண்பத்திரெண்டுல சாத்தூர் டீக்கடை வாசல்ல பொறுக்குனது, இதுல என்னடா நேத்து தேதி போட்டிருக்கு?"

அவர் கேட்டது சரிதான். 2003ல பி2ங்கிற பழைய ப்ளாக் சாஃப்ட்வேர்ல இருந்து பிரிஞ்சு வந்ததுதான் வேர்ட்பிரஸ், அதோட ரத்தத்துலயே தேதி ஊறிக் கிடக்கு. புதுசு மேல, பழசு கீழ, அடுத்தது முந்தினதுன்னு காட்டுறதும் தேதியை வெச்சுத்தான். தேதி வரிசையில சேராத 'பேஜ்'ங்கிற சமாச்சாரமே 2005ல 1.5 வந்தப்பதான் உள்ள வந்துச்சு. அதனால இதை முழு சைட்டா மாத்துறதுல பாதி வேலை தேதியை ஒளிச்சு வெக்கிறதுதான். செட்டிங்ஸ்ல ரீடிங் போயி முகப்புக்கு ஒரு பேஜை வெச்சேன், கமெண்ட்டை மூடுனேன், சைட் எடிட்டர்ல ஒத்தை போஸ்ட்டை காட்டுற சிங்கிள் டெம்ப்ளேட்டை தொறந்து தேதி பிளாக்கை தூக்குனேன், வரிசையை தலைப்புப்படி மாத்துனேன். ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுது.

அப்புறம்தான் கஸ்டம் போஸ்ட் டைப், அதாவது போஸ்ட், பேஜ் போக நாமளே உண்டாக்குற தனி வகை, அந்த பக்கம் போனேன். 2010ல 3.0ல இருந்து இது ஒழுங்கா இருக்கு, பதினஞ்சு இருபது வரி கோட் எழுதுனா அட்மின் மெனுல போஸ்ட், பேஜ் பக்கத்துலயே 'லேபிள்'னு தனியா ஒண்ணு வந்து உக்காந்துக்கும். வந்துச்சு, முத லேபிளை போட்டு வியூ அடிச்சா 404, பக்கமே இல்லைங்குது. ஒரு மணி நேரம் கோடையே முறைச்சுக்கிட்டு இருந்தேன், கடைசியில பார்த்தா பக்கங்களோட லிங்க் எப்படி இருக்கணும்னு சொல்ற பெர்மாலிங்க் செட்டிங்ஸை தொறந்து எதையும் மாத்தாம சும்மா சேவ் அடிச்சாலே போதுமாம். அடிச்சேன், வந்துருச்சு. பழைய லிங்க் விதிகளையே புடிச்சுக்கிட்டு இருக்கும், சேவ் அடிச்சாத்தான் புதுசா எழுதிக்கும்.

விலையை மட்டும் எங்க வெக்கிறதுன்னு ரொம்ப யோசிச்சேன். கஸ்டம் ஃபீல்டா, அதாவது லேபிளோட ஒரு கூடுதல் கட்டமா வெச்சா அந்த பக்கத்துல காட்டலாம், அவ்வளவுதான், ஊர் மாதிரியே டாக்ஸானமியா, அதாவது வகைப்பிரிவா வெச்சா ஒவ்வொரு விலைக்கும் தானா ஒரு பக்கம் கிடைக்கும். லேபிள்ல எங்கயும் வருஷம் இல்லாததால எங்களுக்கு காலம் சொல்றது விலைதான். 2007ல 50 பைசா ஒரு ரூபாயாச்சு, 2021 டிசம்பர் 1ல இருந்து ரெண்டு ரூபாய். அப்ப '1 ரூபாய்' பக்கத்துல இருக்கிறதெல்லாம் அந்த பதினாலு வருஷத்துக்குள்ளன்னு பார்த்ததுமே தெரிஞ்சுடும். விலை போட்ட இடத்தையே பூச்சி தின்னது ஒன்பது இருக்கு, அதுக்கு 'விலை தெரியலை'ன்னே ஒரு டெர்ம்.

இனி தமிழ் லிங்க் கதை. தலைப்பெல்லாம் 'சிவகாசி தீப்பெட்டி லேபிள் யானை', 'சிவகாசி தீப்பெட்டி லேபிள் மான்'னு வெச்சேன். லிங்க்கை பார்த்தா முதலாவது 'சிவகாசி-தீப்பெட்டி-லேபிள'ன்னு புள்ளியில்லாம நிக்குது, யானையை காணோம். அடுத்தது 'லேபி-2', அதுக்கடுத்தது 'லேபி-3'. தலைப்பு சரியாத்தானே இருக்குன்னு உக்காந்து எண்ணிப் பார்த்தேன். லிங்க்கோட கடைசி துண்டுக்கு ஸ்லக்னு பேரு, டேட்டாபேஸ்ல அதுக்கு இருக்கிற இடம் 200 கேரக்டர். நம்ம எழுத்துல ஒரு குறி 3 பைட், லிங்க்ல சதவீதக் குறியோட எழுதுறப்ப அது 9 கேரக்டர். அதுவும் 'சி'ங்கிறது நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ச ஒண்ணு, இகரக் குறி ஒண்ணுன்னு ரெண்டு. சிவகாசிக்கு 7, தீப்பெட்டிக்கு 10, லேபிள்ல 5, மொத்தம் 22 குறி 198, நடுவுல ரெண்டு கோடு, 200 சரியா நிரம்பிருச்சு, புள்ளிக்கு இடமில்லை! இங்கிலீஷ்ல எழுதுறவனுக்கு 200 எழுத்து, நமக்கு 22 குறி. எரிச்சலா இருந்தாலும் கணக்கு இவ்வளவு கச்சிதமா வந்ததுல ஒரு சின்ன சந்தோஷம். இப்ப ஸ்லக்கை மட்டும் நோட்டு நம்பர், பக்க நம்பர்னு கையால போடுறேன், 4-17-2 மாதிரி. தலைப்பு தமிழ்லயே இருக்கு.

மூணாவது வாரம் சைட்டோட தோற்றத்தை முடிவு பண்ற தீம் பிடிக்கலைன்னு மாத்துனேன். மாத்துன கையோட 'லேபிள்' மெனுவையே காணோம், நூத்தி நாப்பது லேபிளும் போச்சு. வேர்த்து ஊத்திருச்சு. நடந்தது என்னன்னா அந்த இருபது வரியை தீமோட ஃபங்ஷன்ஸ் ஃபைல்ல வெச்சிருந்தேன், தீம் போனதோட அதுவும் போச்சு. டேட்டாபேஸை தொறந்து பார்த்தப்பதான் உசுரு வந்துச்சு. போஸ்ட், பேஜ், படம், மெனுல இருக்கிற வரி, நாம சேவ் அடிச்ச பழைய வெர்ஷன்னு எல்லாமே ஒரே டேபிள்லதான் கிடக்கு, 'போஸ்ட் டைப்'ங்கிற ஒரு கட்டத்துல எழுதியிருக்கிறதுதான் வித்தியாசம். அதுல லேபிள்னு எழுதுன வரியெல்லாம் அப்படியே இருந்துச்சு, அப்படி ஒரு டைப் இருக்குன்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை. அந்த கோடை வெட்டி, தீம் மாறுனாலும் போகாத மாதிரி ஒரு குட்டி பிளக்இன் ஃபைலா போட்டேன், மெனு திரும்பி வந்துச்சு. இதை முத நாளே செஞ்சிருக்கணும்.

படத்துல ஒரு விஷயம். போன்ல எடுத்ததை அப்படியே ஏத்துனேன், 4000 பிக்சல். ஒரு படத்துக்கு 150, 300, 768ன்னு சின்னதுல இருந்து 2560 வரைக்கும் காப்பி போட்டு ஒரிஜினலோட எட்டு ஃபைல் ஆக்கிடுது. வாங்குன ஹோஸ்டிங் இடம் கொஞ்சம், லேபிளோ ரெண்டு விரல் அகலம். இப்ப 1200க்கு குறைச்சுத்தான் ஏத்துறேன், அஞ்சு ஃபைலோட நின்னுடுது.

இன்னைக்கு நிலவரம் நாலு நோட்டு முடிஞ்சு 212. நேத்து பெரியப்பா '50 பைசா' பக்கத்தை முழுசா பார்த்துட்டு கூப்பிட்டார். "அந்த கிளி சாத்தூர் இல்லடா, கோவில்பட்டி." போன் காதுல இருக்கும்போதே ஊர் டிக்கை மாத்தி அப்டேட் அடிச்சேன். "இப்ப பாருங்க பெரியப்பா." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பார்க்கிறார் போல. அப்புறம், "அப்படின்னா அதே பக்கத்துல இருக்கிற மயிலும் கோவில்பட்டிதான்"ன்னார். அஞ்சாவது நோட்டு இன்னும் பிரிக்கலை, அதுல பசை ரொம்ப கெட்டியா இருக்கு.