ஸ்கேன் எடுத்தார்கள், ஆனால் எந்தக் கிட்னியை?

தம்பிக்கு அம்மா கிட்னி கொடுத்து ஐந்து மாதம் நன்றாகவே போனது. ஆபரேஷன் கொச்சியில். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கோயம்புத்தூர் பக்கம் என்பதால் செக்கப் மட்டும் அங்கே. ஆறாவது மாதம் பிரஷர் ஏறியது. மூன்று வகை மாத்திரை போட்டும் 170-க்குக் கீழே இறங்கவில்லை. உள்ளூர் கிளினிக்கில் ரேமிப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தார்கள். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின், பத்தே நாளில் 1.3-லிருந்து 2.6. "நான் கொடுத்தது கெட்டுப்போச்சா கண்ணு?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. கொச்சியில் பக்கத்து பெட்காரருக்கு மூன்றாம் நாள் சிறுநீர் திடீரென நின்றது. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, வைத்த கிட்னியையே எடுத்துவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர் அம்மா.

கோவை டாக்டருக்குப் போன் செய்தோம். ரேமிப்ரிலை நிறுத்திவிட்டு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனோடு வரச் சொன்னார். ஊருக்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, விடிகாலை பஸ் பிடித்து வேலந்தாவளம் வழியாகப் போனோம். ரிப்போர்ட்டில் 'இரண்டு கிட்னியும் சுருங்கியுள்ளன' என்று இருந்தது. முதுகுப் பக்கம் இருக்கும் பழைய கிட்னிகளைப் பார்த்திருக்கிறார்கள்! புதுசு வலது அடிவயிற்றில் இருக்கிறது, தழும்பு அத்தனை நீளம். டாப்ளரும் எடுக்கவில்லை. ஒரு நாளும் பணமும் போனதுதான் மிச்சம்.

டாக்டர் தழும்புக்குப் பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். விரலால் பாதி அடைத்த குழாயில் தண்ணீர் பீறிடுவது போல 'உஸ்... உஸ்...' என்று ஒரு சத்தம். அம்மாவின் கிட்னி ரத்தக்குழாயைத் தம்பியின் இடுப்பு ரத்தக்குழாயோடு தைத்த இடம் சுருங்கியிருக்கலாம் என்றார். அப்படிச் சுருங்கினால் கிட்னிக்கு ரத்தம் போதாமல் பிரஷர் ஏறுமாம். ரேமிப்ரில் வகை மாத்திரை அந்தக் கிட்னிக்குள் மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் குறைத்துவிடுமாம். அன்றே எடுத்த டாப்ளரில் அது உறுதியானது.

அப்புறம் ஆபரேஷன் நோட்ஸ் கேட்டார். எத்தனை குழாய், எதோடு தைத்தார்கள் என்று தெரிய வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை. கொச்சிக்கு ஓடினேன். நோயாளியே வர வேண்டும் என்று ரெக்கார்டு பிரிவில் திருப்பி அனுப்பினார்கள். தம்பி கையெழுத்திட்ட கடிதமும் அவன் ஆதார் நகலும் கொண்டுபோன இரண்டாம் முறைதான் கிடைத்தது. முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்கேன் சீட்டிலும் 'மாற்று கிட்னி, வலது அடிவயிறு, டாப்ளர்' என்று டாக்டரையே எழுதச் சொல்லுங்கள்.

தொடை வழியாகப் பலூன் விட்டு, சுருங்கிய இடத்தை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் 1.4. பிரஷருக்கு இப்போது ஒரே மாத்திரை. ஆபரேஷன் நோட்ஸ் அம்மாவின் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.