கேலிப்பரும் பிரஸ் பட்டனும்

பம்பாயில் நாம் படித்த பள்ளியில் என் முகம் தெரியாதவர்களுக்குக்கூட என் சத்தம் தெரியும். மாடிப்படியில் ஒரு கால் மெதுவாக, அடுத்தது 'டக்' என்று. "டக்கு வர்றா" என்பார்கள். பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கான மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்து, "தன்னம்பிக்கை பத்தி ஏதாவது எழுதேன், உனக்குத்தான் பொருத்தமா இருக்கும்" என்றான். தன்னம்பிக்கை பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. போலியோவில் பலம் போன காலைத் தாங்க நான் மாட்டிக்கொள்ளும் கேலிப்பரைப் பற்றி நிறையத் தெரியும், அதை எழுதுகிறேன்.

நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தில் போலியோ சொட்டு மருந்து சேர்ந்தது 1979-ல். நான் அதற்குச் சில வருஷம் முன்பே பிறந்துவிட்டேன். காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கிள்ளிப் பார்ப்பார்கள். இருக்கிறது. போலியோ கிருமி முதுகுத்தண்டில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கும், தொடு உணர்ச்சியில் கை வைக்காது. எறும்பு கடித்தால் நன்றாகத் தெரியும், எறும்பை உதறத்தான் முடியாது.

என் கேலிப்பர்கள் எல்லாம் ஹாஜி அலியில் இருக்கும் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனத்தில் செய்தவை. 1955-ல் தொடங்கியது, பம்பாயில் போலியோ வந்த குழந்தை இருந்த வீடுகளுக்கெல்லாம் தெரிந்த இடம். பட்டறையில் ஒரு பழுப்புக் காகிதத்தின் மேல் காலை நீட்டச் சொல்லிப் பென்சிலால் ஓரம் வரைவார்கள். வளர வளரப் புதுக் கேலிப்பர், புதுக் காகிதம். அளவெடுப்பவர் என் காலைப் பார்த்து "ஐயோ" என்றதும் இல்லை, "பரவாயில்லை" என்றதும் இல்லை. "தொடையில பெல்ட் உரசுதா? எங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான். என் காலை அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்.

கேலிப்பர் என்றால் தெரியாதவர்களுக்காக: பூட்சின் இரண்டு பக்கமும் எஃகுக் கம்பி, தொடை வரை. தொடையிலும் முழங்காலிலும் தோல் பட்டை. எழுந்து நிற்கும்போது முழங்காலுக்கு இரண்டு பக்கமும் ஒரு வளையம் தானாக இறங்கிப் பூட்டிக்கொள்ளும், அதனால்தான் கால் மடங்காமல் நிற்க முடிகிறது. உட்காரவேண்டுமென்றால் அந்த இரண்டு வளையங்களையும் விரலால் மேலே இழுக்க வேண்டும். பள்ளிச் சீருடையில் இது பிரச்சினையே இல்லை, பாவாடை முழங்காலோடு முடிந்துவிடும். கல்யாண வீட்டில் பட்டுப்பாவாடை, அப்புறம் புடவை என்று வந்தபோதுதான் தொல்லை. நாலு பேர் நடுவில் துணியைத் தூக்கிக் கையை விட்டால்தான் உட்கார முடியும். அதனால் உட்காரவே மாட்டேன். "உட்காரும்மா, எவ்வளவு நேரம் நிப்பே?" "இல்லத்தை, இருக்கட்டும்." மாட்டுங்கா மண்டபங்களில் எத்தனை முகூர்த்தங்களை நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன்! காலையிலிருந்து தண்ணீரும் குடிக்க மாட்டேன், கழிப்பறையில் குந்தி உட்கார முடியாது என்பதால். காலை மறைப்பதற்குப் பட்ட பாட்டில் பாதிகூட நடப்பதற்குப் படவில்லை.

பள்ளியில் பி.டி. பீரியடில் எனக்குப் பைகளைக் காவல் காக்கும் வேலை. டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். ஒரு நாள் எங்கள் வகுப்புப் பெண்கள் 'லங்டி' ஆடிக்கொண்டிருந்தார்கள். மராட்டியப் பிள்ளைகளிடமிருந்து கற்றது: ஒற்றைக் காலில் நொண்டியடித்துத் துரத்திப் பிடிக்க வேண்டும். வீட்டில் கேலிப்பரைக் கழற்றிவிட்டால் சமையலறைக்கும் பால்கனிக்கும் நான் ஒற்றைக் காலில்தான் தாவுவேன். எழுந்து போய், "நானும் வர்றேன்" என்றேன். கேலிப்பரைக் கழற்றிப் பைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, வலது காலில் தாவி ஒருத்தி விடாமல் தொட்டேன். அவர்களுக்கெல்லாம் கால் கடுத்துப்போகும், எனக்கு அது தினப்படி நடை. மறுவாரத்திலிருந்து என்னைத் தங்கள் கட்சியில் சேர்க்க இரண்டு அணியும் அடித்துக்கொண்டன. கேலிப்பர் மண்ணில் கிடந்ததற்கு வீட்டில் திட்டு விழுந்தது, அது வேறு கதை.

இன்னொரு சங்கடம், நம் வீடுகளில் செருப்போடு உள்ளே போகக்கூடாது. எனக்கோ பூட்ஸும் கம்பியும் ஒரே உருப்படி. அதைக் கழற்றினால் சுவரைப் பிடித்துத் தாவித்தான் உள்ளே போக வேண்டும். தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் என் தோழி வீடு, திருநெல்வேலிக்காரர்கள். முதல் தடவை வாசலில் நான் தயங்கியதைப் பார்த்து அவளுடைய அம்மா, "ஏட்டி, அப்படியே நில்லு" என்று உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்தார். குனிந்து இரண்டு பூட்ஸின் அடியையும் துடைத்தார். "ம், வா. தோசை ஆறுது." கண் கலங்கவில்லை, தலையைத் தடவவில்லை. நானும் ஒன்றும் பேசாமல் போய் தோசை சாப்பிட்டேன்.

நாங்கள் படித்த காலத்தில் சுதா சந்திரன் பேரைச் சொல்லாத ஆளே இல்லை. பம்பாய்த் தமிழ்ப் பெண், 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துக்குப் பிறகு காலை இழந்தவர், ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு 1984-ல் மறுபடி மேடையேறி ஆடினார். அவர் கதை படமாகி, அவரே நடித்தார். அவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. ஆனால் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும், "பாரு, காலே இல்லாம ஆடுறா, உனக்குக் காலாவது இருக்கே" என்றதுதான் தாங்கவில்லை. வெட்டிய காலுக்குச் செயற்கைக் கால் பொருத்தலாம், செயலிழந்த தசைக்கு அப்படி மாற்றிப் பொருத்த ஒன்றும் கிடையாது என்று விளக்கிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். ஆடினால்தான் என் காலுக்கு மதிப்பு என்றால், பஸ் பிடிக்க மட்டும் நடக்கும் காலுக்கு என்ன செய்வது?

எனக்கு உதவியது வேறு இடம். வங்கி வேலை கிடைத்து வி.டி. ரயில் நிலையத்துக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு, லோக்கல் ரயிலில் ஹேண்டிகேப் டப்பாவில், அதாவது உடல் ஊனமுற்றவர்களுக்கான பெட்டியில் ஏறினேன். முதலில் ஏற மனசு வரவில்லை, அதில் ஏறினால் நானும் 'அவர்களில்' ஒருத்தி என்றாகிவிடுமே என்று. லேடீஸ் டப்பாவில் நசுங்கி ஒரு நாள் கம்பி வளைந்தது, பிடிவாதமும் வளைந்தது.

அங்கே பரேலில் இறங்கப்போகிற, தலையில் ஸ்கார்ஃப் கட்டிய புற்றுநோய்க்காரப் பெண்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், சைகையில் சண்டை போடும் காது கேளாத தோழிகள். ஜன்னலோரம் ஒரு மராட்டியக்காரி, எங்களுக்கெல்லாம் 'தாயி', மராட்டியில் அக்கா. மே மாதப் புழுக்கத்தில் செயற்கைக் காலைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, மீதிக் காலைத் துண்டால் துடைத்து, பவுடர் போட்டு, காற்று வாங்குவாள். அதோடு நிறுத்தாமல் பட்டாணியும் உரிப்பாள். நான் பார்ப்பதைப் பார்த்து இந்தியில், "உனக்கும் புழுங்குமே, பெல்ட்டைத் தளர்த்திக்கோ" என்றாள்.

அந்த டப்பாவில் யாரும் யாரையும் தைரியசாலி என்று சொன்னதில்லை. நைலான் உள்பாவாடை வழுக்கும், பருத்தி கட்டு. கம்பி படும் இடத்தில் புடவைக்கு உள்பக்கம் ஒட்டுத் துணி தை, கிழியாது. இப்படித்தான் பேச்சு. போலியோக்காரத் தோழி ஒருத்தி ஒரு நாள் தன் உள்பாவாடையைத் திருப்பிக் காட்டினாள். பக்கத் தையலைப் பிரித்து, முழங்காலுக்கு நேராக மூன்று பிரஸ் பட்டன். கொசுவத்துக்குப் பக்கத்தில் கையை விட்டால் வளையம் நேராக விரலுக்கு வரும். அன்று ராத்திரியே அம்மாவின் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். அடுத்த கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து முகூர்த்தம் பார்த்தேன், பந்தியிலும் உட்கார்ந்தேன். 'டக்' சத்தத்துக்கு நாலு பேர் திரும்பினார்கள். திரும்பட்டுமே, காலைத்தானே பார்க்கிறார்கள் என்றிருந்தது. தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இந்தியாவில் கடைசியாகக் காட்டு வகைப் போலியோ, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ வந்தது 2011 ஜனவரியில், ஹௌராவில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடாகச் சான்றும் கிடைத்தது. ரொம்பச் சந்தோஷம். பிரஸ் பட்டன் வைத்த உள்பாவாடை இனி எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்றும் நினைத்துக்கொள்வேன், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

இப்போது லங்டி ஆடிய அந்த வலது காலும் தளர்கிறது. போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து இப்படி வருவதுண்டு. செத்த நரம்பணுக்களின் வேலையையும் சேர்த்து இத்தனை வருஷம் பார்த்தவை ஓய்ந்துபோகின்றன என்பது டாக்டர்கள் சொல்லும் விளக்கம். பலத்தைச் சேமியுங்கள், முரட்டுத்தனமாக நடக்காதீர்கள் என்கிறார்கள். 'முயன்றால் முடியும்' என்று காலை வழிபாட்டில் தினமும் கேட்டு வளர்ந்தவளுக்கு இது ஏறவே இல்லை. கொஞ்ச நாள் முரண்டு பிடித்தேன். அப்புறம், இப்போது நான் இருக்கும் லண்டனில் ஒரு சக்கர நாற்காலி வாங்கிவிட்டேன், நீல நிறம், மடக்கிக் காரில் வைக்கலாம். கண்ணாடியில் பார்த்தபோது முதல் வாரம் யாரோ மாதிரி இருந்தது. புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்குகிறது, அதற்கும் யாரிடமாவது ஒரு யோசனை இருக்கும், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷ ஒன்றுகூடலுக்கு அதில்தான் வருகிறேன். போன தடவை மண்டபம் முதல் மாடியில் இருந்தது. இந்த முறை லிப்ட் இருக்கிறதா என்று செயலாளர் முன்கூட்டியே விசாரித்துச் சொன்னால் நல்லது, கழிப்பறைக் கதவின் அகலத்தையும் சேர்த்து.