செராஸுக்குத் துணிப்பையோடு போன கதை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது, இனி கீமோ பயன்படாது என்று டாக்டர் கைவிரித்தபோது "ஹோஸ்பிஸைப் பாருங்கள்" என்றார். நான் அதை மருத்துவமனை மாதிரி ஒரு கட்டடம் என்றே நினைத்துக்கொண்டேன். இரண்டு கைலி, துண்டு, பல் செட் டப்பா எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு, கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கிராப் டாக்ஸி பிடித்து, செராஸில் இருக்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவில் போய் இறங்கினேன். எந்த மாடியில் பெட் என்று வேறு கேட்டேன்.

பெட்டே கிடையாது. குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணிக்கத் தாதிகளும் டாக்டர்களும் நம் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். 1991-லிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படித்தான் செய்கிறார்களாம். ஒரு சென் கூட வாங்குவதில்லை. வார்டில் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் செலாயாங் மாதிரி, வலி தணிக்கும் பாலியேட்டிவ் பிரிவு உள்ள அரசு மருத்துவமனையில் கேட்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் என் பையைப் பார்த்தாரே தவிர, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "டாக்டர் லெட்டர் வேணும் அக்கா. என்ன நோய், என்ன மருந்து, கடைசி ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாம் வச்சுக் கொண்டு வாங்க" என்றார்.

அந்த லெட்டருக்குத்தான் பதினோரு நாள் அலைந்தேன். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை, கார் நிறுத்த இடமே கிடைக்காத இடம் என்று மட்டும் சொல்கிறேன். முதல் நாள் கவுண்டர் ஆள் "சூராட்"டா (கடிதமா), அடுத்த அப்பாயின்ட்மென்டில் கேளுங்கள் என்றார். அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் கழித்து! இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தலையணையைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் மனிதருக்கு மூன்று வாரம். இரண்டாம் முறை லெட்டர் கிடைத்தது, ஆனால் டாக்டரின் முத்திரை இல்லை. செராஸ் வரை போன பிறகுதான் அது தெரிந்தது. மூன்றாம் முறை, ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டுமென்றால் நோயாளியே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எழுந்து நிற்க முடியாதவரை எப்படிக் கூட்டி வருவது? "தாக் போலே", முடியாது, அவ்வளவுதான் பதில்.

கடைசியில் பக்கத்து வீட்டு மிசி (தாதி) ஒரு வழி சொன்னார். கவுண்டரை விட்டுவிடு, காலை ஏழரைக்கு வார்டு வாசலில் நில், ரவுண்ட்ஸ் வரும்போது அப்பாவைப் பார்த்த டாக்டரையே பிடி. பிடித்தேன். அப்பா கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதத்தையும் அவர் ஐசி (அடையாள அட்டை) நகலையும் நீட்டினேன். முத்திரையும் ரிப்போர்ட்டுமாக இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பதினோரு நாள் எங்கே, இருபது நிமிடம் எங்கே!

உங்கள் வீட்டில் யாராவது இன்னும் வார்டில் இருக்கிறார்கள் என்றால், டிஸ்சார்ஜ் ஆவதற்குள் லெட்டரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வெளியே வந்துவிட்டால் கவுண்டர்தான். ஹோஸ்பிஸ் என்றால் கடைசி வாரத்துக்கு என்று எங்கள் அம்மா மாதிரி நினைத்துத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

பதிவு செய்த பிறகு எல்லாம் சுலபமாகவே நடந்தது. தாதி வந்தார், காற்று மெத்தை இரவலாகக் கிடைத்தது.

வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மருந்தில்தான் நான் சொதப்பினேன். சொந்தக்காரர்கள் "அபின் கொடுக்கிறியா" என்று பயமுறுத்த, வலி தாங்காமல் அப்பா முனகும்போது மட்டும் கொடுத்து வந்தேன். தாதி பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "வலி வந்த பிறகு துரத்திப் பிடிக்க முடியாது அக்கா. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மணி அடிச்ச மாதிரி கொடுக்கணும். நடுவுல வலிச்சா அதுக்குத் தனியா ஒரு டோஸ்." ஸ்பூனில் ஊற்றாதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதனால் மலமிளக்கியான லாக்டுலோஸையும் முதல் நாளே தொடங்கச் சொல்லிவிடுவார்கள். நான் அதையும் "இப்போ எதுக்கு" என்று ஒதுக்கி வைத்து, ஐந்தாம் நாள் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டுவதற்குத் தெம்பு வந்திருந்தது அவருக்கு.

போனில் இரவு இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் அலாரம் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு அலாரம் அடித்து நான் எழுந்து போனபோது, அப்பா மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மல்லாந்து! இரண்டு மாதத்துக்குப் பிறகு. எழுப்ப மனமில்லாமல் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, அப்புறம் எழுப்பித்தான் கொடுத்தேன்.

ஏழு வாரம் இருந்தார். வீட்டிலேயே, அவர் கட்டிலிலேயே போனார். அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

மெத்தையைச் செராஸில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்ச மார்ஃபினைச் சிங்கில் ஊற்றக்கூடாது என்றதால் அதே மருத்துவமனை பார்மசிக்கு எடுத்துப் போனேன். நம்பர் எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று லெட்டர், ஐசி நகல், ரிப்போர்ட் எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு "ஓகே" என்றார்கள். ஒரு காகிதமும் கேட்கவில்லை.